டஸ்டர் ஏடபிள்யூடியின் மைலேஜ்: 12.4-இலிருந்து 16.2 வரை

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னா டீசல் குடிக்கத்தான் செய்யும், அப்புறம் என்ன கணக்குப் பார்க்கிற?" என்று மாமா சொன்னார். ரொம்ப நாள் நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் இருப்பது ரெனோ டஸ்டர் ஏடபிள்யூடி, அதாவது நாலு சக்கரத்துக்கும் விசை போகிற ரகம். 1461 சிசி டீசல் இன்ஜின், 110 பிஎஸ், 6 கியர் மேனுவல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீடு கோவையில், மச்சானின் தேயிலைத் தோட்டம் வால்பாறையில். மாதம் நாலு தடவை மலை ஏறி இறங்குகிறேன். ஊருக்குள் ஓடுவதையும் சேர்த்தால் மாதம் 1,500 கி.மீ. வந்துவிடும். வாங்கிய புதிதில் 16 கொடுத்த வண்டி, போன வருஷம் 12-க்கும் கீழே போனது. டீசல் லிட்டர் 92 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது இதைச் சும்மா விட மனசு வரவில்லை.

வண்டியைச் செய்தவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. 1 லட்சத்து 10 ஆயிரம் கி.மீ. ஓடிய வண்டி, அதிலும் பாதி மலைச்சாலை. கெட்டுப்போனதில் ஒரு பங்கு தேய்மானம், மறுபங்கு ஆசைப்பட்டு நான் செய்து வைத்த வேலை.

முதலில் அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. டேஷ்போர்டில் வரும் சராசரி எண் 13.6 என்றது. டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டால் 11.9. இனிமேல் டேங்க் கணக்குதான் என்று முடிவு செய்தேன். எப்போதும் ஒரே பங்க், ஒரே குழாய். துப்பாக்கி முதல் முறை 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுவேன். பங்க் தம்பிக்கு இது பிடிக்கவே இல்லை. ரவுண்டு தொகைக்கு இன்னும் இரண்டு அழுத்து அழுத்தத்தான் அவர் கை போகும். அந்த இரண்டு அழுத்தில் ஒரு லிட்டர் வரை உள்ளே போய்விடும். 40 லிட்டர் நிரப்பும் இடத்தில் ஒரு லிட்டர் பிசகினால் இரண்டரை சதவீதம் பிசகு. நான் தேடுகிற முன்னேற்றங்களே மூன்று, நான்கு சதவீதம்தான். அதனால் எந்த மாற்றம் செய்தாலும் குறைந்தது இரண்டு டேங்க் ஓட்டிவிட்டுத்தான் எண்ணை எழுதினேன். இந்தச் சோதனை எல்லாம் முடிய ஆறு மாதம் ஆனதற்குக் காரணம் அதுதான்.

அடுத்து ஓடோமீட்டர். கம்பெனி டயர் 215/65 ஆர்16. தோட்டத்து மண் பாதைக்கு என்று நான் மாட்டியிருந்தது 225/70 ஆர்16 ஆல்-டெரைன். முதலாவதின் விட்டம் 686 மி.மீ., இரண்டாவதின் விட்டம் 721 மி.மீ. காகிதக் கணக்கில் 5 சதவீதம் பெரிய சக்கரம். அதாவது வண்டி 105 கி.மீ. போயிருக்கும், மீட்டர் 100 என்று காட்டும். போன் ஜிபிஎஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி சாலையில் மூன்று தடவை சரிபார்த்தேன். பாரத்தில் டயர் சற்று அமுங்குவதாலோ என்னவோ, 4.5 சதவீதம் வந்தது. ஆக, நான் அழுதுகொண்டிருந்த 11.9 உண்மையில் 12.4. டயர் மாற்றிய பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்தத் திருத்தத்தை முதலில் போட்டுப் பார்க்கலாம். புலம்பலில் கொஞ்சம் அங்கேயே கரைந்துவிடும். இனி இங்கே நான் சொல்லும் எண்கள் எல்லாம் திருத்திய எண்கள்.

மாமாவின் கட்சியை முதலில் சோதித்தேன். வண்டிக்குள் ஒரு திருகு குமிழ் இருக்கிறது. டூ வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலை. நான் எப்போதும் ஆட்டோவில் வைத்திருப்பேன். முன் சக்கரம் வழுக்கினால் பின் சக்கரத்துக்கும் விசை போகும். இரண்டு டேங்க் முழுக்க டூ வீலிலேயே ஓட்டினேன். 12.5. லிட்டருக்கு நூறு மீட்டர் வித்தியாசத்தை நான் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் என்பது வேறொரு வேலையின் நடுவே புரிந்தது. பிரேக் பார்ப்பதற்காக இடது முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். திருகு டூ வீலில்தான் இருந்தது. கீழே டார்ச் அடித்துக்கொண்டிருந்த மகன், "அப்பா, நடுவுல நீளமா ஒரு கம்பி சுத்துது" என்றான். எட்டிப் பார்த்தால், முன்னாலிருந்து பின் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்! நான் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றுகிறது. இந்த வண்டியில் இணைப்பைத் துண்டிக்கும் மின்காந்த கிளட்ச், பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. விசையை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற, மெக்கானிக்குகள் கிரவுன் என்று சொல்லும் அந்தப் பெட்டிக்கு முகப்பில். திருகை டூ வீலுக்குத் திருப்பினால் பின் சக்கரத்துக்கு விசை போவதுதான் நிற்கும். விசையைப் பின்னுக்குத் திருப்பிவிடும், முன்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியும், நீள ஷாஃப்டும் எப்போதும்போல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பக்கம் கிரவுனை, உருளும் பின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். சுமக்கிற எடையும் அதேதான். ஏடபிள்யூடிக்கு நாம் கொடுக்கும் கூலி இது. வண்டி வாங்கிய அன்றே எழுதிக் கொடுத்துவிட்டோம், திருகைத் திருப்பித் திரும்ப வாங்க முடியாது. நான் வாங்கிய புதிதிலும் அது என் வண்டியில் இருந்ததுதான். அன்றைக்கு 16 கொடுத்ததே. ஆகவே 16-க்கும் 12-க்கும் நடுவே ஒழுகியது வேறு எங்கோ.

கூரையிலிருந்து ஆரம்பித்தேன். மேலே ஏணி மாதிரி ஒரு கேரியர். அதில் நான் எதையாவது ஏற்றியது வருஷத்தில் இரண்டு நாள். மீதி நாளெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டுகிற வேலை மட்டும் பார்த்தது. 80-ஐத் தாண்டினால் விசில் வேறு. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80-இலிருந்து 100-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். கழற்றிவிட்டேன். பழைய ஓனர் மாட்டியிருந்த முன் பக்க இரும்புக் கார்டையும் கழற்றினேன். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைக் கூடாது என்று சொல்லிவிட்டது. மோதும்போது ஏர்பேக் சென்சார்களைக் குழப்பும் சாமான் அது. டிக்கியில் கிடந்த இழுவைச் சங்கிலி, பழைய பேட்டரி, மச்சான் மறந்துபோன கத்தரிப்பு மிஷின் எல்லாம் சேர்த்து 60 கிலோ இறங்கியது.

எடை விஷயத்தில் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஒரு நாள் ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 800 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆட்களோடு 1,600 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க 12.5 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருக்கிறது. இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிய விஷயம். அதாவது உயரத்துக்கு மட்டும் தோராயமாக ஒரு லிட்டர். 60 கிலோ இறக்கினால் அதில் மிச்சம் 40 மில்லி. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் இரண்டு தடவை ஊற்றினால் தீர்ந்துவிடும். டிக்கியைச் சுத்தம் செய்வது நல்ல பழக்கம்தான், ஆனால் மைலேஜுக்காக ஸ்டெப்னியைக் கழற்றி வைக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

டயர் காற்று அப்படியில்லை. பங்கில் மீட்டர் 33 காட்டியது. வீட்டில் சொந்தமாக வாங்கிய கேஜ் 28 காட்டியது. இரண்டு வருஷமாக நான் குறைந்த காற்றில்தான் ஓடியிருக்கிறேன். இப்போது காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நானே அடிக்கிறேன். இவ்வளவும் செய்து இரண்டு டேங்க் ஓட்டியதும் 13.2.

இப்போது பிரேக். இதைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் லேசான சரிவு உண்டு. முன்பெல்லாம் நியூட்ரலில் விட்டால் வண்டி தானாக நகரும். கொஞ்ச நாளாக நகரவில்லை. பெரிய டயர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொள்ளாச்சியில் எனக்கு வழக்கமான மெக்கானிக் அண்ணன், "வண்டி தானா உருளோணுங்க தம்பி. உருளலீன்னா எதோ ஒண்ணு புடிச்சுட்டு இருக்குதுன்னு அர்த்தம். போய்ச் சக்கரத்தத் தொட்டுப் பாருங்க" என்றார்.

தொட்டுப் பார்ப்பதற்குப் பதிலாக லேசர் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய துப்பாக்கி இதற்கு ஆகாது. அதன் அளவு ஜுரத்தோடு முடிந்துவிடும். சமதரைச் சாலையில் 15 கி.மீ., முடிந்த வரை பிரேக் தொடாமல் ஓட்டி, மெதுவாக ஓரம்கட்டி நான்கு பக்கமும் அடித்தேன். வலது முன் டிஸ்க் 58 டிகிரி. பின் டிரம்கள் 44, 46. இடது முன் டிஸ்க் 112. அந்தச் சூடு எல்லாம் என் டீசல்.

அடுத்த ஞாயிறு கழற்றினோம். கேலிப்பர் என்பது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கிடுக்கி. கவ்விவிட்டு விலகுவதற்கு அது இரண்டு பின்கள் மேல் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். மேல் பின் விரலால் இழுத்தாலே வந்தது. கீழ்ப் பின் அசையவில்லை. அண்ணன் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னுமாகத் திருகித் திருகி, கால் மணி நேரத்தில் வெளியே எடுத்தார். அதன் மேல் ரப்பர் உறை ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். அதன் வழியே மலை மழையும் சேறும் உள்ளே போய், கிரீஸ் காபித்தூள் மாதிரி கட்டியாகி, பின்னில் பாதி நீளத்துக்குத் துரு. கிடுக்கி கவ்வுகிறது, விலக முடியவில்லை. பேட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள் பேட் வெளிப் பேடில் பாதி கனம்.

புதுப் பின் இரண்டு, புது ரப்பர், பேட் செட். பின்னுக்கு அண்ணன் சாதாரண கிரீஸ் டப்பாவை எடுக்கப் போன தன் பையனை அதட்டினார். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிக்கொள்ளும், ஆறு மாதத்தில் மறுபடி பிடித்துவிடும். சிலிகான் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். பேட் உட்காரும் தாடையில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். வலது பக்கத்தையும் சும்மா விடவில்லை. மொத்தம் மூன்றரை மணி நேரம். மறுநாள் அதே 15 கி.மீ.: 55, 57. தெருமுனைச் சரிவில் நியூட்ரலில் விட்டேன். பால்காரர் சைக்கிளை நோக்கிக் கிளம்பிவிட்டது. இரண்டு டேங்க் முடிவில் 14.0.

அடுத்த ஒழுகல் இன்ஜினுக்குள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டுகிற புளூடூத் டாங்கிள் ஒன்று நண்பரிடம் இருந்தது. போனில் கூலன்ட் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மலை ஏறும்போது 82 வரை வந்தது. சமதரைச் சாலைக்கு வந்ததும் 68, 70 என்று இறங்கி அங்கேயே நின்றது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு. அது மூடாமல் திறந்தபடி மாட்டிக்கொண்டால் இப்படித்தான் நடக்கும். ரேடியேட்டர் எப்போதும் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். இன்ஜின் தான் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து அதற்கேற்ப டீசல் ஊற்றும், ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எதுவும் எரியாததால் நமக்குத் தெரியவே தெரியாது. சூடேறுகிற வண்டியைப் பார்த்துப் பதறுவோம், சூடேறாத வண்டியை யார் கவனிக்கிறார்கள்?

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றி, வீட்டுக்கு எடுத்துவந்து, பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். 80-ஐத் தாண்டியதும்தான் அதன் வால்வு திறக்க ஆரம்பிக்க வேண்டும். இது பச்சைத் தண்ணீரிலேயே தீக்குச்சி நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பாத்திரம் பால் காய்ச்சுகிற பாத்திரம் என்பது வீட்டம்மா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. இப்போது அது கராஜில் இருக்கிறது, ஸ்க்ரூ போட்டு வைக்கிறேன். புது தெர்மோஸ்டாட், புது கூலன்ட், ஹோஸில் காற்று நிற்காமல் வெளியேற்றம். அதன் பிறகு சமதரையில் 84-லிருந்து 88-க்குள் நிற்கிறது. மைலேஜ் 14.5.

டயரைத் தொட மட்டும் எனக்கு மனசில்லை. ஆல்-டெரைன் போட்ட டஸ்டர் நிற்கிற அழகே தனி. ஆனால் எடைபோட்டுப் பார்த்தால் ஒரு சக்கரத்துக்கு 3 கிலோ அதிகம், அதுவும் சுற்றுகிற எடை. கட்டை கட்டையான அந்தப் பூக்கள் தார்ச்சாலையில் உருளும்போதெல்லாம் நெளிந்து விசையைத் தின்கின்றன. டயர் பெரிதானதால் கியரும் 5 சதவீதம் நீண்டுவிட்டது. நெடுஞ்சாலையில் அது நல்லதுதான், ஆர்பிஎம் குறையும். ஆழியாறு தாண்டியதும் மூன்றாவது கியரில் ஏற வேண்டிய இடத்திலெல்லாம் இரண்டாவதுக்கு வர வேண்டியிருந்தது. பூ பாதிக்கு மேல் தேய்ந்திருந்ததால், மாற்றுகிற காலமும் வந்துவிட்டது. கம்பெனி அளவிலேயே சாலை டயர் நான்கு வாங்கினேன்.

டயர் கடையில் முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால் போதும், பின்னால் இருப்பது இன்னும் ஓடும் என்று சொன்னார்கள். டூ வீல் வண்டியில் சரி. இதில் முன்னும் பின்னும் விட்டம் வேறானால், ஆட்டோ நிலையில் முன் சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பின் கிளட்ச்சை அடிக்கடி பிடித்துவிடப் பார்க்கும். டீசலும் போகும், கிளட்ச்சும் சூடேறும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன்பின் மாற்றிப் போடுங்கள். அலைன்மென்ட்டும் அன்றே பார்த்தாகிவிட்டது, முன் சக்கரங்கள் லேசாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. ஓடோமீட்டரும் இப்போது உண்மை பேசுகிறது. 15.6. ஒரே செலவில் வந்த பெரிய பாய்ச்சல் இதுதான், பெரிய செலவும் இதுதான்.

இழந்ததும் உண்டு. ஜூலையில் சின்னக்கல்லாறு பக்கம் மழை பிய்த்துக்கொண்டிருந்தபோது, பழைய டயரில் யோசிக்காமல் ஏறுகிற ஒரு செம்மண் மேட்டில் வண்டி பக்கவாட்டில் நழுவியது. லாக்கில் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் முதல் கியரில் ஏற்றினேன். இந்த வண்டியின் முதல் கியர் ரொம்பக் குட்டை, அதற்காகவே வைத்தது. ஏறிவிட்டது. அப்படிப்பட்ட மேடு எனக்கு மாதத்தில் ஒரு தடவை. வாரம் முழுக்க அதே பாதையில் இருப்பவர் நான் சொல்வதைக் கேட்டு டயரை மாற்ற வேண்டாம்.

டிரான்ஸ்ஃபர் பெட்டி ஆயில், கிரவுன் ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் மாற்றினேன். 15.6 அப்படியே நின்றது. மாற்ற வேண்டிய காலம் வந்ததால் மாற்றினேன், அவ்வளவுதான். டீசல் குழாயில் கட்டுகிற காந்தம் ஒன்று மூன்று வருஷத்துக்கு முன் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். இப்போது அது ஃபிரிட்ஜில் மின் கட்டண அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

கடைசியாக என் வலது கால். மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. டாங்கிளை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது டீசல் அளவு 0 என்று வந்தது. சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, இன்ஜெக்டர் மூடிக்கொள்கிறது. நியூட்ரலில் இறங்கினால் ஐட்லிங்குக்கு மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிகிறது. 40 வளைவுக்கும் பிரேக்கிலேயே இறங்கினால் டிஸ்க் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஏறின கியரிலேயே இறங்குகிறேன். சமதரையில் 80, 85-க்கு மேல் போவதில்லை, ஆறாவது கியர். சமதரையில் கிளம்பும்போது முதல் கியரில் நீட்டி இழுப்பதில்லை. கடைசி இரண்டு டேங்க் சராசரி 16.2.

மாதம் 28 லிட்டர் மிச்சம், 2,600 ரூபாய். தெர்மாமீட்டரையும் டயரையும் கணக்கில் சேர்த்தால் போட்ட காசு வர ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகும். மாமாவிடம் 16.2 என்று சொன்னேன். "மீட்டரைத் திருப்பி வெச்சுட்டியா?" என்றார்.

போன வாரம் பொள்ளாச்சியில் நின்றபோது வழக்கம்போல நான்கு பக்கமும் அடித்துப் பார்த்தேன். முன்னால் 56, 57. வலது பின் டிரம் 45, இடது பின் 59. ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள் இறுகியிருக்கலாம் என்கிறார் அண்ணன். வருகிற ஞாயிறு டிரம்மைக் கழற்றுகிறோம்.